தொம்பையில் விதை வைத்துப் போன பாட்டனார்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது கொல்லிமலை. இங்கே ஊர்களை ‘நாடு’ என்ற பெயரில்தான் சேர்த்துச் சொல்வது வழக்கம். வளவந்தி நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் வரிசையில் எங்கள் தேவனூர் நாடும் ஒன்று. அங்கே மூன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய குடும்பத்தைக் கட்டிக் காத்து, மூன்று தைக்கு முன் காலமான எங்கள் பாட்டனாரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் பெற்ற விவசாயி அல்லர். பரிசு எதுவும் வாங்கியதில்லை. ஆனாலும் சிறு விவசாயிகள் அவருடைய வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய சில விஷயங்கள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

கருமாதி அன்று எழுந்த கேள்வி

பாட்டனாரின் கருமாதி முடிந்து உறவினர் அனைவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நிலப் பங்கீடு அவர் காலத்திலேயே முடிந்துவிட்டது. பாத்திரம் பண்டம், மாடு கன்று பற்றிப் பேசி முடித்தார்கள். கடைசியில் வாசலோரம் நின்ற தொம்பையைப் பற்றிப் பேச்சு வந்தது.

தொம்பை என்றால் சமவெளி விவசாயிகள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மூங்கில் தப்பைகளைக் கூடைபோல் உயரமாகப் பின்னி, உள்ளும் புறமும் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, ஈரம் ஏறாதபடி கற்களின்மேல் தூக்கி நிறுத்தி, தலைக்குப் புல் கூரை வேய்ந்த தானியக் களஞ்சியம்தான் அது. எங்கள் வீட்டுத் தொம்பை பாட்டனார் தம் கையால் கட்டியது. ஆண்டுதோறும் தை பிறக்கும் முன் அவரே மண் பூசி மெழுகுவார்.

“இதைப் பிரிச்சுட்டா வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்” என்றார் சின்னச் சித்தப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் மூன்று மோட்டார் சைக்கிள்கள். தொம்பையிலோ தானியம் அதிகமில்லை. உள்ளே நான்கைந்து சுரைக்குடுக்கைகளும் இரண்டு மண் கலயங்களும்தான் இருந்தன. அவற்றில் சாமை இரண்டு தினுசு, கேழ்வரகு, தினை, பனிவரகு, மொச்சை, கடுகு ஆகிய விதைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயும் துணியால் கட்டிச் சாணம் மெழுகியிருந்தது.

அப்போது, அதுவரை பேசாமல் இருந்த பெரிய அத்தை சொன்னார்: “எங்கப்பன் எனக்கு எழுத்துக் குடுக்கல. நெலமும் குடுக்கல. இந்த வெதையிலயாவது எனக்குப் பாதி குடுங்க.”

வாசலில் ஒருவரும் பேசவில்லை. அத்தை அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் பாட்டனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தலைச்சுமை காலம்

பாட்டனாருக்குத் தாம் பிறந்த ஆண்டு தெரியாது. தொண்ணூறைத் தாண்டியிருக்கும் என்பது ஊர்க் கணக்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு மலையேறும் தார்ச்சாலை இன்று இருக்கிறது. அவருடைய இளமையில் அது கிடையாது. பலாப்பழம், மிளகு, கடுகு, தேன் எதுவானாலும் தலைச்சுமையாகக் காட்டுப் பாதையில் இறக்கி, பேளுக்குறிச்சி சந்தைக்கோ சேந்தமங்கலத்துக்கோ கொண்டு போக வேண்டும். திரும்பும்போது உப்பு, மண்ணெண்ணெய், துணி ஆகியவற்றைச் சுமந்து ஏற வேண்டும்.

“எறங்கும்போது சுமை கனக்கும், ஏறும்போது மலை கனக்கும்” என்பார். அந்தச் சுமையிலும் பாட்டிக்கு ஒரு முழம் பூவும், குழந்தைகளுக்குப் பொட்டுக்கடலையும் மடியில் இல்லாமல் அவர் வீடு திரும்பியதில்லை என்று பாட்டி இன்றும் சொல்கிறார்.

குடும்பத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வீட்டில் கடைசிக் குழந்தை சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். பேரன் பேத்திகள் பதினொரு பேர் ஆன பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. காட்டு வேலை முடிந்து பசியோடு வந்தாலும், “எல்லாம் தின்னாச்சா சாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார்.

உலக்கை பிடித்த ஆண்

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு உணவு சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான். பள்ளத்து வயலில் விளையும் நெல் பண்டிகைக்கும் விருந்தினருக்கும் மட்டுமே. சாமை மானாவாரியில், மேட்டுக் கொல்லையில், அதிகச் செலவில்லாமல் விளையும் தானியம். ஆனால் அதை அரிசியாக்குவதுதான் பெரும்பாடு. உமி கெட்டியாகப் பிடித்திருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். இரண்டு படி அரிசி காண்பதற்குள் ஒரு பொழுது போய்விடும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

பாட்டி மூன்றாவது பிரசவத்துக்குப் பின் உடல் தளர்ந்திருந்தபோது, பாட்டனார் இரவில் தாமே உலக்கை பிடித்துக் குத்தினார். ஊரில் ஆண்கள் கேலி பேசினார்கள். “திங்கிறதுக்கு வாய் ஆம்பளைக்கும் இருக்குதில்ல?” என்று கேட்டுவிட்டுக் குத்திக்கொண்டே இருந்தார். அதன்பின் வயது முதிரும் வரை எதிர் உலக்கை போடுவதை அவர் நிறுத்தவில்லை.

சிறுதானியம் ஏன் மலையை விட்டுப் போயிற்று என்று பலரும் கேட்கிறார்கள். குச்சிக்கிழங்குக்குக் கிடைத்த காசு ஒரு காரணம். கடையில் மலிவாகக் கிடைத்த அரிசி மற்றொரு காரணம். ஆனால் பெண்களின் கை வலியும் ஒரு காரணம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1988-இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் பணி தொடங்கியபோது, விதைகளைச் சேகரித்ததோடு நிற்கவில்லை. ஊர் விதை வங்கிகள் அமைப்பதோடு உமி நீக்கும் இயந்திரங்கள் கிடைக்கவும் வழி செய்தது. உரலின் பாரம் குறைந்தால்தான் சாமை நிலைக்கும் என்பதே இதன் பொருள். எங்கள் பாட்டனார் இதைத் தம் வீட்டிலேயே கண்டவர். இயந்திரம் வந்தது என்று கேள்விப்பட்டதும் அரை மூட்டைச் சாமையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அரைத்து வந்தார்.

பங்கு நெடுக்கே, ஏர் குறுக்கே

எங்கள் நிலம் மூன்று தரம். பள்ளத்தில் அரை ஏக்கர் நெல் வயல். அதற்குமேல் சரிவில் மூன்று ஏக்கர் கொல்லை. வீட்டைச் சுற்றிப் பலாவும் மிளகும் வாழையும் நிற்கும் சிறு தோட்டம்.

மூன்று மகன்களுக்கும் பங்கு பிரித்தபோது பாட்டனார் செய்தது கவனிக்கத்தக்கது. சரிவு நிலத்தில் மேல்பகுதி கல்லும் கரடும். கீழ்ப்பகுதி ஆழமான நல்ல மண். குறுக்கே மூன்று துண்டாக வெட்டினால் மேல்துண்டு வாங்குபவன் நட்டப்படுவான். அதனால் மேலிருந்து கீழாக மூன்று பட்டைகளாகப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கரடு, கொஞ்சம் நல்ல மண். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. குறுகலான நெடும்பட்டையில் ஏர் ஓட்டுபவனுக்கு மேலும் கீழுமாக ஓட்டுவதுதான் எளிது. அப்படி ஓட்டினால் ஒவ்வொரு உழவுச் சாலும் மழைத் தண்ணீருக்கு வாய்க்காலாகி, மண் முழுவதும் பள்ளத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு நிபந்தனை விதித்தார். பங்கு நெடுக்கே இருந்தாலும் ஏர் குறுக்கேதான் ஓட வேண்டும். கல் கரைகள் மூன்று பங்குக்கும் பொது. ஒருவரும் அதில் கை வைக்கக் கூடாது.

சில ஆண்டுகள் கழித்து நடுச் சித்தப்பா வீட்டுக்குக் கடைக்கால் போடக் கல் தேவைப்பட்டு, தம் பங்கில் இருந்த கரையைப் பிரித்துவிட்டார். அங்கே இரண்டு வரிசை கிழங்கும் கூடுதலாக நட்டார். அந்த ஐப்பசி மழையில், கரை திறந்த இடத்தில் புகுந்த தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஓடை அறுத்துவிட்டது. மூன்று பங்கு மண்ணும் கீழே நெல் வயலில் வந்து படிந்தது.

பாட்டனார் ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுநாள் காலை, பள்ளி விடுமுறையில் இருந்த பேரப்பிள்ளைகள் எங்களை அழைத்துக்கொண்டு போய்க் கல் அடுக்கத் தொடங்கினார். எங்களுக்கு அது விளையாட்டு. அவருக்கு அப்போது எண்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் நடுச் சித்தப்பா கடப்பாரையோடு வந்து நின்றார். தலையைக் குனிந்தபடி, “நவுருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்” என்றார். கரை கட்டி முடிய இரண்டு வாரம் ஆயிற்று. கரையோரம் வெட்டிவேரும் அன்னாசியும் நட்டார்கள். இன்றுவரை அது அசையவில்லை.

சரிவு நிலத்தில் கரை போட விரும்பும் விவசாயிகள் சம மட்டம் காண்பதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே நீளமுள்ள இரு கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, இடையில் குறுக்குக் கம்பு ஒன்று பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட வேண்டும். சமமான தரையில் வைத்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சரிவில் இரு கால்களையும் மாற்றி மாற்றி நகர்த்தி, கயிறு அந்த அடையாளத்தில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் சம மட்டக் கோடு கிடைத்துவிடும். சரிவு கூடக் கூட கரைகளை நெருக்கமாகப் போட வேண்டும்.

கிழங்கும் அவரும்

பாட்டனார் புதிய பயிருக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு தேவைப்பட்டதால் மலையெங்கும் அது பரவியபோது, எங்கள் கொல்லையிலும் அதை நட்டோம். அவர் தடுக்கவில்லை. கிழங்குக் காசில்தான் நாங்கள் படித்தோம். என் அக்காள் நர்ஸ் படிப்பு முடித்ததும் அதனால்தான். “புள்ளைங்க படிக்கிற காசு கெட்ட காசு இல்ல” என்பார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கொல்லையின் ஓரத்தில் ஐந்து சென்ட் இடத்தை விதைச் சாமைக்கு விட்டுவிட வேண்டும். மகன்கள் சிரித்துக்கொண்டே விட்டார்கள்.

அந்த ஐந்து சென்ட்டின் கணக்கு இது. எங்கள் கொல்லையில் நாட்டுச் சாமை ஏக்கருக்கு ஏறக்குறைய 300 கிலோ காணும். அப்படியானால் ஐந்து சென்ட்டில் 15 கிலோ. தூவி விதைக்க ஏக்கருக்கு நாலு முதல் ஐந்து கிலோ விதை போதும். ஆக அந்தச் சின்ன இடம் மூன்று ஏக்கருக்கு, அதாவது எங்கள் கொல்லை முழுவதற்கும் வேண்டிய விதையை ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை உணரவில்லை.

2020-ஆம் ஆண்டு அதை உணர வைத்தது. ஊரடங்கினால் சந்தையும் லாரியும் நின்றன. அதே ஆண்டில்தான் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாக இந்தியாவில், கேரளத்தில் காணப்பட்டு, அடுத்துத் தமிழகத்திலும் பரவியது. குருத்துச் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் தலை முடிச்சுப் போட்டாற்போல் ஆகிவிடும். எங்கள் கிழங்கிலும் அது வந்தது. மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. (பின்னர் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துப் பெருக்கி, 2022 முதல் சேலம் பகுதியில் விட்டார்கள். கிழங்கு பயிரிடுவோர், பூச்சி கண்ட தோட்டத்திலிருந்து விதைக்கரணை வாங்குவதை இன்றும் தவிர்க்க வேண்டும்.)

அடுத்த வைகாசியில் கொல்லையில் என்ன விதைப்பது என்று அப்பாவும் சித்தப்பாமாரும் விழித்தார்கள். பாட்டனார் தடியை ஊன்றிக்கொண்டு தொம்பையடிக்குப் போய், குடுக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டு ஒன்றரை ஏக்கரில் சாமையும், ஊடே மொச்சையும் கடுகும் போட்டோம். அதனால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. கடன் வாங்கிச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். சிறு விவசாயிக்கு அது பெரிய விஷயம்.

அவர் செய்த தவறுகள்

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். பாட்டனார் அதை விரும்ப மாட்டார். ஆகவே இரண்டு தவறுகளையும் சொல்கிறேன்.

ஒன்று மிளகைப் பற்றியது. கொடிகளின் அடியில் மண்ணைக் குழித்து, மழைத் தண்ணீர் தேங்கும்படி பாத்தி கட்டிவிட்டார். கோடையில் ஈரம் நிற்கும் என்பது அவர் எண்ணம். அந்த ஆண்டு அடைமழையில் வாடல் நோய் கண்டு, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பதினோரு கொடிகள் சில வாரங்களில் பட்டுப்போயின. அதன் பிறகே தண்ணீர் வடியும்படி அடிமண்ணை மேடாக அணைக்கலானார். புதுக் கொடிகளை மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, வெயில் குறைவான வடக்குப் பக்கம் நட்டார். மழைக்கு முன் ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர்) தெளிக்கவும் ஒத்துக்கொண்டார்.

மற்றொன்று பெரிய அத்தையைப் பற்றியது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் நாலு எழுத்துப் படித்தார்கள். அத்தை மட்டும் கைநாட்டு. மிளகுக் கொடி போனால் மறுபடி நடலாம். இதற்கு மறு நடவு கிடையாது. முதுமையில் அவர் இதை எண்ணி வருந்தினார் என்பதை நாங்கள் அறிவோம். பேத்திகள் ஒவ்வொருவரையும், மழையானாலும் அட்டைக் கடியானாலும், கையைப் பிடித்துப் பள்ளி வரை கொண்டுபோய் விட்டு வருவார். “நான் ஒருத்திக்குக் கடன்காரன்” என்று ஒரு நாள் என் அக்காளிடம் சொன்னாராம்.

பேரப்பிள்ளைகள் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு பலா மரம் வைத்தார். பலாக்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆகவே பழம் அறுத்த கையோடு கொட்டையை ஊன்றுவார். என் மரம் பத்தாம் ஆண்டில் காய்த்தது. அத்தையின் பெயரால் மரம் இல்லை. அவர் பிறந்த காலத்தில் அந்த எண்ணம் தோன்றவில்லை போலும்.

விதை இரண்டு வீட்டில்

அதனால்தான் அத்தை பாதி விதை கேட்டபோது ஒருவராலும் மறுக்க முடியவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி நிலம் ஆண் மக்களுக்கே போகும். விதைக்கு அப்படி வழக்கம் எதுவும் இல்லை. பாட்டி எழுந்து போய், ஒவ்வொரு குடுக்கையிலிருந்தும் சரிபாதி அளந்து அத்தையின் மடியில் கட்டினார். ஒரு உண்மையையும் அப்போது சொன்னார்: “தொம்பை கட்டுனது உங்கப்பன். வெதை பொறுக்குனது நான். இனிமே நீ பொறுக்கு.” ஊரார் பாட்டனாரின் விதை என்று சொல்லி வந்தது, உண்மையில் இருவருடைய விதையும் ஆகும். தொம்பையைப் பிரிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. மோட்டார் சைக்கிள்கள் மழையில்தான் நிற்கின்றன.

அடுத்த ஆண்டு மழையில் தொம்பையின் கூரை ஒழுகியதை நாங்கள் கவனிக்கவில்லை. பாட்டனார் இருந்திருந்தால் தை மாதமே மண் பூசியிருப்பார். எலியும் துளைத்துவிட்டது. திறந்து பார்த்தபோது சாமை பூசணம் பிடித்திருந்தது. நான் பேருந்தேறி அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு குடுக்கையைக் கொண்டுவந்தார். “உங்க தாத்தன் குடுத்து வெச்சது. கூரையப் போடுங்கடா மொதல்ல” என்றார். அந்த விதைதான் இப்போது எங்கள் கொல்லையில் நிற்கிறது.

விவசாயப் பெருமக்கள் கவனத்துக்கு

பாட்டியிடம் நாங்கள் கற்றுக்கொண்ட முறை இதுதான். விதைக்கான கதிர்களைக் காட்டின் ஓரத்தில் எடுக்காமல், நடுப்பகுதியில், நன்கு முற்றி, ஒரே சீராகப் பால் பிடித்த கதிர்களாகப் பார்த்து, பொது அறுவடைக்கு முன்பே தனியாகக் கொய்ய வேண்டும். தட்டித் தூற்றி நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, நொச்சி இலை போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன் 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கின்றன என்று பார்க்க வேண்டும். 75-க்குக் குறைந்தால் விதை அளவைக் கூட்டலாம். மிகவும் குறைந்தால் வேறு விதை தேட வேண்டும்.

புது ரகம் வேண்டுவோருக்கு, திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் சிறுதானிய மையத்திலிருந்து வெளியான ஏ.டி.எல். 1 சாமை போன்றவை உள்ளன. அவற்றைப் பயிரிட்டாலும், வீட்டு விதைக்கு ஐந்து சென்ட் ஒதுக்கி வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, விதையை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். மணமாகிப் போன மகள் வீட்டிலோ, சகோதரி வீட்டிலோ, நம்பிக்கையான பங்காளி வீட்டிலோ பாதியைக் கொடுத்து வையுங்கள். எலியும் மழையும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதைக் காணப் பாட்டனார் இல்லை. இருந்திருந்தாலும், “புள்ளைங்க தின்னாச்சா?” என்றுதான் கேட்டிருப்பார். இந்த ஆண்டு தை பிறக்கும் முன், தொம்பைக்குப் புதுக் கூரை போட்டு மண் பூசி முடித்துவிட்டோம். செம்மண் குழைத்தவர் நடுச் சித்தப்பா.